பெரிதாக்கினால் தெளியுமா?

சென்ற பொங்கலுக்குச் செஞ்சியில் என் தங்கை வீட்டில் ஒரு புதிய டெலிவிஷன் பெட்டி வந்து இறங்கிற்று. பெட்டி என்று சொல்வது பழைய வழக்கத்தினால்தான். உண்மையில் அது சுவரில் மாட்டும் பலகை. நாற்பத்து மூன்று அங்குலம். '4கே' என்ற பட்டம் தாங்கியது. பன்னிரண்டு மாதத் தவணை. "இதில் எதைப் போட்டாலும் 4கே-யாகத்தான் தெரியும்" என்று கடைக்காரர் உறுதி கூறியிருந்தார். என் தங்கை அதை நம்பினாள். மாப்பிள்ளை நம்பவில்லை, ஆனால் தவணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான்.

எதைப் போடுவது என்ற கேள்வி மறுநாளே எழுந்தது. அந்த வீட்டில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2 யந்திரம் உண்டு. மாப்பிள்ளையின் தம்பி சென்னையில் உத்தியோகத்துக்கு வந்த புதிதில் வாங்கியது. பிறகு அவர் கடல் கடந்து போனபோது அண்ணன் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார். அதனுடன் 'தேசி அட்டா' என்ற விளையாட்டுத் தட்டு ஒன்றும் இருந்தது. ஹைதராபாத்திலுள்ள கேம்சாஸ்திரா நிறுவனத்தார் தயாரித்து 2009-இல் வெளிவந்தது. கபடி, கிட்டிப்புள், பட்டம் விடுதல் எல்லாம் அதில் உண்டு. அதே ஆண்டில் அதே நகரத்தில் அரோனா நிறுவனத்தார் ஹனுமானைக் கதாநாயகனாக வைத்து இதே யந்திரத்துக்கு ஒரு விளையாட்டுச் செய்தார்கள். வீட்டு விளையாட்டு யந்திரங்களுக்கு நம் நாட்டிலேயே விளையாட்டுகள் எழுதத் தொடங்கிய காலம் அது. ஆகையால் அந்தத் தட்டின்மேல் எனக்குக் கொஞ்சம் அபிமானம் உண்டு.

பையன் அதைப் புதிய பலகையில் பொருத்திப் பார்த்தான். கபடிக்காரர்கள் எல்லாரும் வீங்கிப் போய் நின்றார்கள். அவர்களுடைய ஓரங்களில் சீப்புப் பல்லைப் போன்ற கோடுகள் முளைத்தன. எழுத்துகள் மழையில் நனைந்த தபாலைப்போல் கரைந்து கிடந்தன. "யந்திரத்தை எங்கேயோ கீழே போட்டிருக்கிறாய்" என்று தாய் சொல்ல, "நான் தொடவே இல்லை, இது கிழடாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும்" என்று பிள்ளை சொல்ல, புதிதின் விலை ஐம்பதினாயிரம் ரூபாய் என்பதும் வெளிவந்தது. அந்த வீட்டுப் பெண் ஜூன் மாதம் கல்லூரியில் சேர வேண்டியவள். அவள் ஒன்றும் பேசவில்லையாம். எழுந்து உள்ளே போய்விட்டாளாம்.

இரவு தங்கை டெலிபோனில் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள். வாத்தியார் சொன்னால் இவன் கேட்பான்" என்றாள். பள்ளிக்கூடத்தில் நான் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கும் அழகை அவள் அறியமாட்டாள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை தொண்டூரிலிருந்து பஸ் ஏறினேன். குடும்ப விவகாரத்தை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவருவதற்கு நேயர்கள் மன்னிக்க வேண்டும். புதுப் பலகை வாங்கிய வீடு இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. இதே சண்டை வேறு வீடுகளிலும் நடந்துகொண்டிருக்கலாம்.

முதலில் '4கே' என்பது என்ன என்று பார்ப்போம். பலகையில் அகலவாட்டில் 3,840 புள்ளிகள். உயரவாட்டில் 2,160 புள்ளிகள். பெருக்கினால் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400. அதற்கு முந்திய தலைமுறைப் பலகையில் 1,920-க்கு 1,080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம். இதில் சரியாகக் கால் பங்கு. பழைய பிளேஸ்டேஷன் 2-இன் விளையாட்டுகள் ஏறக்குறைய 640-க்கு 480 என்ற அளவை ஒட்டி வரையப்பட்டவை. பல அதற்கும் குறைவு. நல்லெண்ணத்துடன் 640-க்கு 480 என்றே வைத்துக்கொண்டாலும் 3 லட்சத்து 7 ஆயிரத்து 200 புள்ளிகள்தாம். இதைக் கொண்டு 82 லட்சத்தை வகுத்தால் சரியாக 27 வருகிறது. அதாவது பலகை முழுவதையும் நிரப்பும்போது, யந்திரம் அனுப்பிய ஒவ்வொரு புள்ளிக்கும் இருபத்தாறு புள்ளிகளைப் பலகை தானாகவே இட்டுக்கொள்ள வேண்டும். கடைக்காரர் சொன்ன 'எதைப் போட்டாலும் 4கே' என்பதன் உள்விவரம் இதுதான்.

இதை என் தங்கைக்கு விளக்கக் கோலத்தைத்தான் துணைக்கு அழைத்தேன். ஒன்பது புள்ளிக் கோலத்தைச் சின்ன வாசலில் போட்டால் கச்சிதமாக இருக்கும். அதே கோலத்தைக் கோவில் முற்றத்தில் போடச் சொன்னால் என்ன செய்வாய்? புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். கோலம் பெரிதாகும், நெருக்கம் கூடாது. அல்லது பழைய புள்ளிகளுக்கு நடுவே புதுப் புள்ளிகளை வைத்து, கோடு இப்படித்தான் போயிருக்கும் என்று உத்தேசமாக வளைத்துக்கொண்டு போகலாம். பார்க்க நிறைந்திருக்கும், ஆனால் அது இருபத்தொரு புள்ளிக் கோலமாகிவிடாது. "அது எப்படி ஆகும்? அதற்கு நெளிவே வேறாயிற்றே" என்றாள் அவள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

இட்டு நிரப்புவதிலும் வகை உண்டு. பக்கத்துப் புள்ளியின் நிறத்தையே புதுப் புள்ளிக்கும் பூசிவிடுவது ஒன்று. சாய்ந்த கோடுகள் எல்லாம் இதில் படிக்கட்டாகிவிடும். இரு புறத்து நிறங்களையும் கலந்து நடு நிறத்தைப் பூசுவது மற்றொன்று. படிக்கட்டு மறையும், மூடுபனி வரும். மூடுபனியைப் போக்குவதற்காகப் பலகையில் 'கூர்மை' என்று ஒரு திருப்பு வைத்திருக்கிறார்கள். அதை ஏற்றினால் ஓரங்களில் வெள்ளைக் கரை கட்டுமே தவிர, இல்லாத நுணுக்கம் வராது. முதற்காரியமாக அந்தத் திருப்பை நான் இறக்கி வைத்தேன்.

ஆனால் கபடிக்காரர்களின் துன்பத்துக்கு இது மட்டும் காரணமல்ல. நம் நாட்டு டெலிவிஷன் 1959-இல் டில்லியில் ஆரம்பித்து, 1975-இல் சென்னைக்கு வந்து, நெடுங்காலம் 625 வரி முறையில் நடந்தது. அவற்றுள் படம் தெரிவது 576 வரிகளில். அந்த வரிகளையும் ஒரே மூச்சில் காட்டுவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை, வினாடிக்கு ஐம்பது அரைப் படங்கள். பழைய கண்ணாடிப் பெட்டியில் மின்கற்றை ஓடி ஓடி வரைந்தபோது, ஒளி சற்றுப் பரவி, இரண்டு அரைகளும் கண்ணுக்கு ஒன்றாகவே கூடிவிட்டன. அந்த ஒளிப் பரவலை எதிர்பார்த்தே அக்காலத்துச் சித்திரக்காரர்கள் புள்ளி வைத்தார்கள் என்றும் சொல்லலாம். புதுப் பலகையோ அசையாத புள்ளிக் கட்டம். அது இரண்டு அரைப் படங்களையும் ஒன்றாகத் தைக்கப் பார்க்கிறது. ஓடுகிற மனிதன் முதல் அரைக்கும் இரண்டாம் அரைக்கும் இடையில் ஓரடி நகர்ந்துவிடுகிறான். தையல் பிசகிச் சீப்புப் பல் முளைக்கிறது.

பையன் யந்திரத்தைப் பலகையில் பொருத்திய விதத்தைப் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை கொண்ட பழைய கம்பி. இதில் மஞ்சள் முனை ஒன்றே படம் முழுவதையும் சுமக்கிறது. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. புதுப் பலகையில் அதற்குத் துளை இல்லாமையால், கடைத்தெருவில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு மாற்றுப் பெட்டி வாங்கி இடையில் வைத்திருந்தான். அந்த மாற்றுப் பெட்டி படத்தை முதலில் 1,080 வரியாக்கிற்று. பலகை அதை மறுபடி 2,160 வரியாக்கிற்று. ஒருவர் ஊகித்ததை இன்னொருவர் ஊகிக்கிறார்! போதாக்குறைக்கு, நாலுக்கு மூன்று என்ற பழைய வடிவத்துப் படத்தைப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்துவிட்டது. அகலம் ஆறு மடங்கும் உயரம் நாலரை மடங்கும் ஆனால் சக்கரம் முட்டையாகுமா ஆகாதா? கபடிக்காரர்களின் வீக்கம் அப்படி வந்ததுதான். பையன் யந்திரத்தைக் கீழே போட்டு வந்ததல்ல. இதைத் தாயாரிடம் சொன்னபோது அவன் என்னைப் பார்த்த பார்வைக்காகவே பஸ் சார்ஜ் கொடுக்கலாம்.

பரிகாரம் பெரிதல்ல. இந்த யந்திரத்துக்கு நிறங்களைத் தனித்தனியே கொண்டுவரும் கம்பி உண்டு. அதையும், அதை ஏற்கும் ஒரு மாற்றுப் பெட்டியையும் மாப்பிள்ளை தம் சிநேகிதரிடம் இரவலாக வாங்கி வந்தார். படத்தின் வடிவத்தை நாலுக்கு மூன்றாக மாற்றினோம்; இரு புறமும் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும். 'விளையாட்டு முறை' என்று பலகையில் ஒரு தேர்வு உண்டு. படத்தை அழகுபடுத்தும் வேலைகளைக் குறைத்து, பொத்தானை அழுத்துவதற்கும் ஆள் குதிப்பதற்கும் இடையே ஏற்படும் தாமதத்தை அது சுருக்குகிறது. அதையும் போட்டோம். கபடிக்காரர்கள் உடம்பு இளைத்து, மனிதர்களாக நின்றார்கள். புதுமை வந்துவிடவில்லை, பழைய லட்சணம் திரும்பி வந்தது.

இனி உட்காரும் இடம். இதைப் பற்றிக் கடையில் யாரும் சொல்வதில்லை. சாதாரண நல்ல கண்ணுக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறிய முடியும் என்பது வைத்தியர்களின் கணக்கு. செஞ்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது இராஜகிரியின் அடிவாரத்தில் நிறுத்தி இதைச் சொல்வது என் வழக்கம். எண்ணூறு அடி தூரத்தில் இருக்கும் ஒரு சுவரில் ஏறக்குறைய மூன்று அங்குலத்துக்குக் குறைந்த எதையும் கண் பிரிக்காது. மதில் தெரியும், மதிலின் கல் இடுக்கு தெரியாது. நாற்பத்து மூன்று அங்குலப் பலகைக்கு இதே கணக்கைப் போட்டால், 1,080 வரிப் பலகையின் புள்ளிகளே ஐந்தரை அடிக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 4கே-யின் புள்ளிகள் மூன்றடிக்குள்ளேயே கலந்துவிடும். என் தங்கை வீட்டு நாற்காலி சுவரிலிருந்து ஒன்பது அடி. இளங்கண்களில் இதைவிடக் கூரியவை உண்டு. ஆனாலும் ஒன்பது அடியிலிருந்து அந்த நாலு மடங்கை யார் பார்த்து அனுபவிக்கப் போகிறார்கள்? "அப்படியானால் கூடுதலாகக் கொடுத்த பணம்?" என்றார் மாப்பிள்ளை. நான் காபி சாப்பிடுவதில் கவனமாக இருந்தேன்.

பையன் விடவில்லை. "புது யந்திரமானால் 82 லட்சம் புள்ளியையும் அதுவே வரைந்துவிடும் அல்லவா, மாமா?" என்றான்.

அதுதான் இல்லை. வினாடிக்கு அறுபது படம் வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் வினாடியில் அறுபதில் ஒரு பங்கு. 82 லட்சத்தை அறுபதால் பெருக்கினால், வினாடிக்கு ஏறக்குறைய 50 கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, தண்ணீரில் எது பிரதிபலிக்கிறது என்றெல்லாம் கணக்கிட வேண்டும். இன்றைய பெரிய விளையாட்டுகளில் பல, குறைந்த புள்ளிகளை வரைந்துவிட்டு மிச்சத்தை நிரப்பிக்கொள்கின்றன. 2016-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோ இதற்குச் சதுரங்கப் பலகையைப் போன்ற ஒரு முறையைக் கையாண்டது: ஒரு படத்தில் கறுப்புக் கட்டங்களை மட்டும் வரைவது, அடுத்த படத்தில் வெள்ளைக் கட்டங்களை மட்டும் வரைவது, விட்டதை முந்திய படத்திலிருந்து எடுத்து இட்டுக்கொள்வது. 2024-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவும், 2025-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-ம், ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய கணக்கு முறைகளைக் கொண்டு இதே காரியத்தைச் செய்கின்றன. (இவற்றுள் முன்னது வெளியானபோது நம் நாட்டில் விற்பனைக்கு வரவில்லை. அது பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பதே காரணம்.)

"பலகையும் ஊகிக்கிறது, புது யந்திரமும் ஊகிக்கிறது என்றால், யந்திரத்தின் ஊகம் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது?"

நல்ல கேள்வி. வகுப்பில் இப்படி ஒருவன் கேட்டால் அன்றைய தினம் வீணாகவில்லை என்று வீட்டுக்குப் போகலாம். அவனை வாசல் திண்ணைக்கு அழைத்துப் போனேன். வெயிலுக்காக அங்கே ஒரு மூங்கில் தட்டி கட்டியிருந்தது. "தலையை ஆட்டாமல் தட்டியின் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்" என்றேன். கீற்றுக் கீற்றாகத் தெரிகிறது என்றான். "இப்போது தலையை மேலும் கீழும் மெல்ல அசைத்துக்கொண்டே பார்." எதிர் வீடு முழுவதும் தெரிகிறது என்றான். தட்டி அப்படியேதான் இருந்தது. ஒரு நிலையில் மறைந்த கீற்று மறு நிலையில் அகப்பட்டது. மனம் அவற்றைக் கூட்டிச் சேர்த்தது.

விளையாட்டு யந்திரமும் அப்படித்தான் செய்கிறது. ஒவ்வொரு படத்திலும் தன் புள்ளிக் கட்டத்தை ஒரு புள்ளியின் சிறு பின்னம் அளவுக்கு இப்படியும் அப்படியும் நகர்த்தி வரைகிறது. முந்திய படங்களில் அகப்பட்டதைச் சேமித்து வைக்கிறது. எந்தப் பொருள் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பது அதற்குத் தெரியும், நகர்த்தியது அதுவேயல்லவா! ஆகவே சேமிப்பை எடுத்து உரிய இடத்தில் வைக்க முடிகிறது. இதில் ஒரு பகுதி ஊகம்; பெரும் பகுதி சேகரம். டெலிவிஷன் பலகைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முடிந்த படத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே நடந்தது ஒன்றும் தெரியாமல், ஏதோ பார்த்துச் செய்கிறது. யந்திரமும் தவறுவது உண்டு. தட்டிக்கு அப்பால் திடீரென்று ஒரு மாடு குறுக்கே ஓடினால் நம் பார்வை குழம்பும் அல்லவா? அவ்வாறே வேகமாக ஓடும் பொருளுக்குப் பின்னால் அதன் ஆவியைப் போல ஒரு நிழல் இழுபடுவதைக் காணலாம்.

அன்று மாலை நான் புறப்படும்போது புதிய யந்திரப் பேச்சு ஓய்ந்திருந்தது. "ஜூன் கழியட்டும் மச்சான், பிறகு பார்க்கலாம்" என்றார் மாப்பிள்ளை. பெண் வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

இதை நான் எழுத நினைத்ததற்கு இன்னொரு காரணம், இரண்டு வாரத்துக்குப்பின் பள்ளிக்கூடத்தில் நடந்தது. எங்கள் தொண்டூரில் குன்றின்மேல் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே ஏறக்குறைய கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று அறிஞர்கள் மதிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு. பக்கத்து அகலூரின் பெயர் அதில் வருகிறது. பதினேழு நூற்றாண்டு மழையும் வெயிலும் பட்ட கல். எழுத்துகள் எளிதில் கண்ணுக்கு அகப்படா. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கைபேசியில் அதைப் படம் பிடித்து, படத்தைத் தெளிவாக்கித் தரும் ஒரு செயலியில் கொடுத்து, விடையைக் கொண்டுவந்து காட்டினாள். எழுத்துகள் உளியால் நேற்றுப் பொறித்தவைபோல் பளிச்சென்று இருந்தன. "சார், இப்போது எல்லாம் தெரிகிறது" என்றாள். அவளுடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் பார்த்தேன். சில வடிவங்கள் பிராமியும் அல்ல, வட்டெழுத்தும் அல்ல, எந்த எழுத்தும் அல்ல. கல்லின் வெடிப்பு ஒன்று அழகான கொம்பாகியிருந்தது. செயலி பொய் சொல்ல நினைக்கவில்லை. மங்கிய கோடு ஒன்றைப் பார்த்தால், தான் பழகிய லட்சோபலட்சம் படங்களில் இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக என்ன இருந்ததோ அதை இடுகிறது. கபடிக்காரனின் வேட்டியில் இரண்டு மடிப்பு அதிகமானால் யாருக்கு என்ன நஷ்டம்? கல்வெட்டில் ஒரு கொம்பு அதிகமானால் ஊரின் பெயரே மாறிப்போகும். 2023-இல் ஒருவர், நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கித் திரையில் காட்டி, அதைப் பேர்போன கைபேசி ஒன்றினால் படம் பிடித்தார். மங்கல் படத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் கைபேசிப் படத்தில் இருந்தன. நிலவு எப்போதும் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதால் அந்த ஊகம் பலித்தது. எங்கள் குன்றில் இருப்பது ஒரே ஒரு கல்.

கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் தட்டி வழியாகப் பார்த்தவனின் வழியில் போகிறார்கள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி மைப்படி எடுக்கிறார்கள். விளக்கை வலப்புறமிருந்தும் இடப்புறமிருந்தும் தாழ்வாகக் காட்டிப் பல படங்கள் எடுக்கிறார்கள். ஒரு வெளிச்சத்தில் மறைந்த கீறல் இன்னொரு வெளிச்சத்தில் நிழல் போடுகிறது. எதிலும் அகப்படாத இடத்தில் புள்ளிக் கோடிட்டு விட்டுவிடுகிறார்கள். எழுத்தின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். பிள்ளைகள் செய்கிறார்கள், பெரியவர்களும் செய்கிறார்கள். கல்லுக்கும் கெடுதல், எழுதுகிறவனின் ஊகம் அடுத்து வருகிறவனுக்கு எழுத்தாகத் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் செயலியின் படத்தை அழிக்கச் சொல்லவில்லை. மூலப் படத்தையும் பக்கத்தில் ஒட்டி, எந்தக் கோடு கல்லில் இருக்கிறது, எந்தக் கோடு செயலி இட்டது என்று சிவப்பு மையால் குறித்து வரச் சொன்னேன். பதினொரு இடத்தில் குறித்து வந்தாள். மூன்று இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். வருகிற சனிக்கிழமை, வெயில் இன்னும் சாய்வாக விழும் காலை ஆறரை மணிக்கு, அந்த மூன்று இடங்களையும் பார்க்கக் குன்று ஏறுவதாக ஏற்பாடு. செஞ்சியிலிருந்து என் மருமகனும் வருகிறான். கைவிளக்கைப் பிடிப்பது அவன் பொறுப்பு.